காரைக்குட்டையில் பஸ் நிற்காது

காலை ஆறரை மணிக்கு நாமக்கல்லிலிருந்து சேலத்துக்கு ஒரு பஸ் புறப்படுவதாக, பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கும் காகிதம் சொல்கிறது. அந்தக் காகிதத்தை நம்பி நான் ஆறு மணிக்கே போய் நின்றேன். பஸ்ஸும் நின்றது. அதன் முதுகில் ஆள் உயரத்துக்கு ஒரு டிரம்மைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதற்குள் மரக்கரியைக் கொட்டி, நெருப்பு மூட்டி, பக்கத்திலிருக்கும் விசிறியைச் சுற்றோ சுற்றென்று சுற்றி, கிளம்புகிற புகையைக் கொண்டு எஞ்சினை ஓட்ட வேண்டும். பெட்ரோலையெல்லாம் சண்டை சாப்பிட்டுவிட்டது என்றார்கள். சண்டை முடிந்து வருஷம் ஒன்றாகிறது. இன்னும் அதற்குப் பசி அடங்கவில்லை போலிருக்கிறது. கண்டக்டர் விசிறியைச் சுற்றிக் கை ஓய்ந்து, ஒரு பீடியைப் பிடித்து முடித்து, மறுபடி சுற்றினார். பஸ் நகர்ந்தபோது மணி ஏழு ஐம்பது.

சேலம் முப்பத்து மூன்று மைல். கட்டணம் ஒரு ரூபாய் இரண்டணா. ஆசனம் உண்டு என்று டிக்கட்டில் அச்சடித்திருக்கிறது. என் ஆசனத்தில் எனக்கு முன்பே ஒரு மூட்டைப் புளியும் அதன் சொந்தக்காரரும் இருந்தார்கள். புளியை மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் எனக்கு இடம் கிடைத்தது.

நான் போவது எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். சேலத்தில் அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு கூட்டம். நம் ஜில்லாவில் ரயிலையும் பஸ்ஸையும் விருத்தி செய்வதற்குப் பதினைந்து வருஷத் திட்டம் ஒன்று தயாராகிறதாம். அதைப் பற்றி ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்பதற்காகச் சென்னையிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். நாமக்கல்லுக்கு ரயில் வேண்டும் என்று எங்கள் ஊரார் எழுதிய மனு என் பையில் இருந்தது. நாமக்கல்காரனுக்கு ரயில் என்பது காதால் மட்டும் அனுபவிக்கிற விஷயம். மோகனூர் ஆற்றங்கரையில் நின்றால், தெற்கத்திக் காற்று அடிக்கிற நாளில் அக்கரை ரயிலின் ஊதல் கேட்கும். அதில் ஏற வேண்டுமென்றால் பரிசலில் காவேரியைத் தாண்டி, மணலில் நடந்து, வண்டி பிடித்துப் போக வேண்டும்.

மனுவைக் கொண்டுபோக என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், நான் ஆரம்பப் பள்ளிக்கூடத்து வாத்தியார். நாலு வார்த்தை கோவையாகப் பேசுவேன் என்ற நம்பிக்கை. இன்னொரு காரணமும் உண்டு. பங்குனியில் இந்தத் திட்டத்துக்காக ரோட்டில் போக்குவரத்துக் கணக்கு எடுத்தார்கள். எத்தனை வண்டி போகிறது, எத்தனை பேர் நடக்கிறார்கள், எத்தனை பேர் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள் என்று ஊருக்கு ஊர் ஆளைப் போட்டு மூன்று நாள் எழுத வைத்தார்கள். அந்த வேலைக்கு வாத்தியார்களைத்தான் பிடித்துப் போட்டார்கள். நானும் ஒருவன். ஆகவே கணக்கைப் பற்றி யாராவது கேட்டால் சொல்லத் தெரிந்தவன் என்று என்னை அனுப்பினார்கள்.

எட்டு ஐம்பது. புதுச்சத்திரம். பத்து மைலுக்கு ஒரு மணி நேரம். நாலு பேர் இறங்கி ஒன்பது பேர் ஏறினார்கள். புளிக்காரர் இறங்கிய இடத்தில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து உட்கார்ந்தார். முழங்கால் வரைக்கும் புழுதி. கையில் மூட்டை முடிச்சு ஒன்றும் இல்லை. நெடுந்தூரம் நடந்து வந்தவர் என்று பார்த்தாலே தெரிந்தது.

“சேலத்துக்குங்களா?” என்று நான் கேட்டேன்.

“ஆமாங்க. இந்த பஸ்ஸு மீட்டிங்கு நடக்குதாமே, அதுக்குத்தானுங்க. பேரு செங்கோடனுங்க. காரைக்குட்டை. வண்டியோட்டற பொழப்பு.”

காரைக்குட்டை என்றதும் எனக்குச் சுருக்கென்றது. அதை வெளியே காட்டிக்கொள்ளாமல், “காரைக்குட்டை இங்கிருந்து வடக்கேயல்லவா இருக்கிறது? சேலம் போகிற வழிதானே? அப்புறம் எதற்குத் தெற்கே நடந்து வந்து ஏறுகிறீர்கள்?” என்று கேட்டேன்.

“மூணு மைலுங்க. என்ன பண்றது? பஸ்ஸு எங்கூருல நிக்கோணுமில்லீங்க. வடக்க போயி ஆண்டகளூர் கேட்டுல ஏறலாம்னா அங்க ராசிபுரத்து சனம் ஏறி ரொம்பிப் போயிருது.”

சண்டைக் காலத்தில் கரியை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று நிறுத்தங்களில் பாதியை எடுத்துவிட்டார்கள். காரைக்குட்டை அப்படிப் போன ஊர்களில் ஒன்று. அந்த ஊர்களில் எவற்றில் மறுபடி பஸ் நிற்பது என்று இந்தத் திட்டத்தில்தான் தீர்மானமாக வேண்டும். இது எனக்குத் தெரியும். அவர் தன் ஊர்க் கதையைத் தானாகவே சொல்லத் தொடங்கினார்.

“என்ற மருமவ போன தையில செத்துப் போனாளுங்க. ரெண்டு நாளா வலி. மருத்துவச்சி கைய விரிச்சுட்டா. சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரலாம்னு கட்டலோட தூக்கியாந்து ரோட்டோரம் வெச்சுக்கிட்டு நின்னமுங்க. பஸ்ஸு வந்துச்சு. கையக் காட்டுனேன். துண்ட வீசுனேன். நடு ரோட்டுல நின்னேன். ஒதுங்கிப் போயிருச்சுங்க. பொறவு வண்டியப் பூட்டி ஓட்டுனேன். கேட்டத் தாண்டி ஒரு மைலு போகல.”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இப்ப மவ வந்திருக்கா, ஆட்டையாம்பட்டியில குடுத்தவ. தலைச்சனுங்க. ஆவணியில. மொதப் பிரசவம் எங்கூட்டுலதான பாக்கோணும்? அவ வந்ததுலருந்து எனக்குச் சோறு எறங்கல. ஆவணிக்குள்ள பஸ்ஸு எங்கூருல நிக்கோணும். அத ஒண்ணச் சொல்லத்தான் போறேன். ரயிலு கியிலெல்லாம் எனக்கு வேண்டாமுங்க” என்றார்.

அப்போதுதான் பஸ் காரைக்குட்டையைக் கடந்தது. “அதா பாருங்க, எங்கூரு,” என்று கையை நீட்டினார். ஒரு குட்டை, அதன் கரையில் நாலு புளியமரம், அதற்கப்பால் ஓலைக் கூரைகள். ரோட்டோரத்தில் தலையில் கூடையோடு ஒரு பெண் நின்றாள். பஸ்ஸைப் பார்த்தாள். கையைக்கூடத் தூக்கவில்லை.

எனக்கு அந்தப் புளியமரங்கள் நன்றாகத் தெரியும். பங்குனி வெயிலில் மூன்று நாள் அதன் அடியில்தான் உட்கார்ந்து எழுதினேன். நாற்பது வண்டி இருக்கிற ஊர் என்று முன்பே கேள்விப்பட்டிருக்கிறேன். மூன்று நாளில் என் கண்ணில் பட்டது இரண்டு வண்டி. ஒன்றுக்கு அச்சு முறிந்திருந்தது. பஸ்ஸுக்கு நின்றவர் ஒருவரும் இல்லை. ரோட்டில் நடந்தவரும் இல்லை. ஊரே காலியான மாதிரி இருந்தது.

“பங்குனியில் கணக்கெடுக்க வந்தார்களே, அப்போது ஊரில் எல்லோரும் எங்கே போயிருந்தீர்கள்?” என்று கேட்டேன்.

அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்தது. “நாங்க சிக்கிருவமா? எல்லாம் என்ற ஏற்பாடுதானுங்க. நெல்ல எண்ணுனாங்க, நெல்லு போச்சு. மாட்ட எண்ணுனாங்க, மாடு போச்சு. போன வருசம் வண்டிய எண்ணி, தானியம் ஏத்தோணும்னு அறுப்பு நாளுல பன்னெண்டு வண்டியப் புடிச்சுக்கிட்டுப் போனாங்க. இந்தத் தபா, ‘கணக்கெடுக்க வாராங்க’ன்னு தமுக்குப் போட்டதுமே ஊரக் கூட்டிச் சொல்லிப் போட்டேன். முப்பத்தெட்டு வண்டியும் ஓடைக்குள்ள. மாட்டுக் கழுத்து மணியெல்லாம் அவுத்தாச்சு. மூணு நாளைக்கு ஒரு சனம் ரோட்டுப் பக்கம் தல காட்டப்படாதுன்னுட்டேன். சந்தைக்குப் போறவங்ககூடக் காட்டு வழியாத்தான் போனாங்க. எழுத வந்த ஆளு ஏமாந்து போயிட்டானுங்க.”

எனக்கு வந்த கோபத்தில் பஸ் என்றும் பார்க்கவில்லை, ஜனம் என்றும் பார்க்கவில்லை. “என்ன காரியம் செய்தீர்கள்! அது பஸ்ஸுக்காக எடுத்த கணக்கய்யா! எந்த ஊரில் எத்தனை பேர் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள் என்று பார்த்துத்தான் நிறுத்தம் போடப் போகிறார்கள். உங்கள் ஊரில் ஒருவரும் இல்லை என்று எழுதியாகிவிட்டது!” என்று கத்தினேன். முன்னால் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

செங்கோடனுக்கு முகம் செத்துவிட்டது. “பஸ்ஸுக்கா?” என்றார். “பஸ்ஸுக்குன்னு யாருமே சொல்லலீங்களே. கணக்கெடுக்க வாராங்கன்னு மட்டுந்தான தமுக்கு. எதுக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஊருல இருக்கற கெழவன் கெழவி மொதக்கொண்டு ரோட்டுல கொண்டாந்து நிறுத்தியிருப்பேனே!”

வாஸ்தவம். தமுக்கு அடித்தவனுக்கும் யாரும் சொல்லவில்லை. எங்களுக்கும் அச்சடித்த ஒரு பாரத்தைக் கொடுத்து, ‘கண்ணால் கண்டதை மட்டும் எழுதுக’ என்றார்களே தவிர, ஜனங்களுக்கு எடுத்துச் சொல் என்று யாரும் சொல்லவில்லை. ஜனங்களுக்காகத் திட்டம் போடுகிறவர்களுக்கு ஜனங்களிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று தோன்றவே இல்லை.

“எழுதுன ஆளு நீங்களா?” என்றார் செங்கோடன் திடீரென்று. என் முகத்திலேயே பதில் எழுதியிருந்தது போலும்.

“ஆமாம்.”

“ரெண்டு வண்டின்னா எழுதுனீங்க? ரெண்டாவது வண்டிக்கு அச்சே முறிஞ்சு கெடந்துச்சுங்களே.” பிறகு என் பக்கம் நன்றாகத் திரும்பினார். “ஏனுங்க, ஓடைக்குப் போற எடத்துல தடம் கெடந்துச்சே. முப்பத்தெட்டு வண்டித் தடம். அழிக்கக் கூட நேரமில்ல. பாக்கலீங்களா?”

பார்த்தேன். முதல் நாள் காலையிலேயே பார்த்தேன். தடத்தின் மேல் சாணி ஈரமாகக் கிடந்தது. எழுந்து ஐம்பது கெஜம் நடந்து போயிருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். வெயில். பாரத்தில் கண்ணால் கண்டதை மட்டும் எழுது என்றிருக்கிறதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, இரண்டு என்று எழுதினேன். இதை அவரிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

“நாங்க பயந்துக்கிட்டு மறைச்சமுங்க. நீங்க பாத்துப் போட்டு மறைச்சீங்க,” என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. வெளியே திரும்பிக்கொண்டார்.

பதினொன்றேகால். மல்லூருக்கு இந்தப் பக்கம் ஒரு சிறிய மேடு. கால்நடையாகப் போகிறவன் கவனிக்கவே மாட்டான். கரி பஸ்ஸுக்கு அது மலை. பாதியில் நின்றது. “ஆம்பளைங்க எல்லாம் எறங்குங்க!” என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். ஒரு ரூபாய் இரண்டணா கொடுத்தவர்கள் எல்லாம் இறங்கித் தள்ளினோம். இரண்டு தடவை ஏறுவது போல ஏறிப் பின்னுக்கு வந்தது. டிரம்மைத் திறந்து, சாம்பலை வாரி, புதுக் கரி போட்டு, மறுபடி விசிறி. செங்கோடன் என் பக்கத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். மேட்டைத் தாண்டும்போது ஒரு மணி. என் வேஷ்டி முழுவதும் கரி.

ஏறி உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தேன். “கூட்டத்தில் நான் எழுந்து உண்மையைச் சொல்கிறேன். நீங்களும் மறைத்ததைச் சொல்லுங்கள். கணக்கைத் திருத்தச் சொல்வோம்.”

“ஜெயிலுல போட்டுருவாங்களா?”

“தெரியாது.”

“போட்டாப் போடட்டும். பஸ்ஸு நின்னாச் சரி,” என்றார்.

இரண்டே முக்கால். சேலம். கூட்டம் நடந்த கட்டடத்தின் மாடிக்கு ஓடினோம். மேலே மின்சார விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சுவர் முழுக்க ஜில்லாப் படம். சிவப்புக் கோடு ரயிலுக்கு, நீலக் கோடு பஸ்ஸுக்கு. மேஜைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்தவர் சென்னையிலிருந்து முதல் வகுப்பு ரயிலில் வந்தவர் என்று வாசலில் நின்ற சேவகனே பெருமையாகச் சொன்னான். அவர் இங்கிலீஷில் பேச, ஒரு குமாஸ்தா தமிழில் சொன்னார்.

“நாமக்கல்காரர்கள் ஏன் நேரத்துக்கு வரவில்லை என்று துரை கேட்கிறார்,” என்றார் குமாஸ்தா.

“பஸ்ஸில் வந்தோம் என்று சொல்லுங்கள்,” என்றேன். குமாஸ்தா அதை மொழிபெயர்க்கவில்லை.

திட்டத்தை வாசித்தார்கள். முதல் ஐந்து வருஷம், இப்போது ரயில் ஓடுகிற பாதைகளில் வண்டிகளை அதிகப்படுத்துவது. அதாவது இருக்கிறவனுக்கு இன்னும் கொடுப்பது. இரண்டாவது ஐந்து வருஷம், ரோடுகளைச் செப்பனிட்டுப் புது பஸ்கள் விடுவது. மூன்றாவது ஐந்து வருஷத்தில், நிதி நிலைமையை அனுசரித்து, சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூருக்கு ரயில். எங்கள் ஊர் மனுவை வாங்கி, ஒரு கட்டுக் காகிதத்தின் மேல் வைத்தார்கள். பஸ் நிறுத்தப் பட்டியல் மட்டும் இந்த வருஷமே அமுலுக்கு வருகிறதாம். குமாஸ்தா படித்தார்: புதன்சந்தை, புதுச்சத்திரம், ஆண்டகளூர் கேட், மல்லூர். அடுத்த ரோட்டுக்குப் போய்விட்டார்.

செங்கோடன் எழுந்து நின்றார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். “சாமி, எங்கூரு காரைக்குட்டைங்க. எங்கூருல நாப்பது வண்டி, இரநூறு ஊடு. கணக்கெடுத்தப்ப நாந்தான் எல்லாத்தயும் ஒளிக்கச் சொன்னேன். புடிச்சுக்கிட்டுப் போயிருவீங்கன்னு பயந்து சொன்னேன். தப்பு என்ற மேலதான். ஊருக்குப் பஸ்ஸ நிறுத்திக் குடுங்க. என்ன வேணும்னாலும் பண்ணுங்க.”

சட்டென்று நானும் எழுந்தேன். அந்தக் கணக்கை எழுதியவன் நான்தான், தடத்தைப் பார்த்தும் போய்ப் பார்க்காமல் எழுதினேன், கணக்கு தவறு, திருத்த வேண்டும் என்று சொன்னேன். ஹாலில் சிலர் சிரித்தார்கள்.

நடுவில் இருந்தவர் சிரிக்கவில்லை. பொறுமையாகக் கேட்டார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார். குமாஸ்தா அதை எனக்குச் சொல்லும்போது சற்று ரசித்துத்தான் சொன்னார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்: “பங்குனியில் தவறாக எழுதினேன் என்று உபாத்தியாயரே ஒப்புக்கொள்கிறார். அப்படிப்பட்டவர் இன்றைக்குச் சொல்வதை மட்டும் எப்படி நம்புவது என்று துரை கேட்கிறார்.”

நாலு வார்த்தை கோவையாகப் பேசுவேன் என்றுதானே அனுப்பினார்கள்? ஒரு வார்த்தை வரவில்லை. நாற்பது வண்டியைக் கண்ணால் பார்க்க இருபது மைல் போனால் போதும், ஒரு ஆளை அனுப்புங்கள், நானே கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அதெல்லாம் படியிறங்கும்போதுதான் தோன்றியது.

“மறு கணக்கு எப்பங்க?” என்று செங்கோடன் விடாமல் கேட்டார்.

“இரண்டாவது பகுதியின் ஆரம்பத்தில். ஐந்து வருஷம் கழித்து,” என்றார் குமாஸ்தா. எங்களை உட்காரச் சொன்னார். அடுத்த ஊரைக் கூப்பிட்டார்கள்.

நாலரை. திரும்புகிற பஸ். இருவரும் காலையிலிருந்து சாப்பிடவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கு இரண்டு இட்லி வாங்கித் தின்றோம். அந்த ஹாலில் தொங்கிய படம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. எவ்வளவு நேர்த்தியான படம்! பதினைந்து வருஷத்துக்குப் பிறகு எந்த மேட்டில் எந்தப் பாலம் வரும் என்று அவர்களுக்குத் தெரிகிறது. இன்றைக்கு எந்த ஊரில் கட்டிலோடு ரோட்டில் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள அனுப்பிய ஆளோ நான். அவர்களைத் திட்டத் தொடங்கினால் என்னிடம் வந்துதான் முடிகிறது. அதனால் கோபம் குறைந்துவிடவில்லை.

ஏழு மணிக்குச் சற்று முன்னால், இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே காரைக்குட்டைப் புளியமரங்கள் தெரிந்தன. நான் எழுந்து, “நிறுத்தய்யா! பெரியவர் இறங்க வேண்டும்!” என்று கத்தினேன்.

“பட்டியல்ல இல்லீங்க,” என்றார் கண்டக்டர். “நிறுத்துனா எஞ்சின் அணைஞ்சு போயிரும். இங்கிருந்து நாமக்கல் வரைக்கும் நீங்களா தள்ளுவீங்க?”

“தள்ளுகிறேன். நிறுத்து!”

டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை. குட்டையும் மரங்களும் பின்னுக்குப் போய்விட்டன. “உடுங்க வாத்தியாரே,” என்று செங்கோடன் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

புதுச்சத்திரத்தில் அவர் இறங்கினார். மூன்று மைல் நடக்க வேண்டும். நானும் கூட இறங்கி, ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னேன்: “நாமக்கல்லில் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே இந்தச் சித்திரையில் பிரசவ ஆஸ்பத்திரி திறந்திருக்கிறார்கள். ஆடி முடிவதற்குள் உங்கள் மகளைக் கொண்டுவந்து என் வீட்டில் விடுங்கள். என் சம்சாரம் பார்த்துக்கொள்வாள். நான் செய்ததற்கு இதையாவது செய்ய விடுங்கள்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் இல்லை. கேட்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற பார்வை.

“கும்புடறேன் சாமி. மவளக் கொண்டாந்து உடறேன்,” என்றார். “உங்கூட்டுல எத்தன பேருக்கு எடமிருக்குங்க? எங்கூருல இந்த ஆவணிக்கு மட்டும் மூணு பேரு இருக்கறாங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் விசில் ஊதினார். ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.